கொடித்துணியும் தைத்த அங்கியும்

சீன நாட்காட்டியின்படி 950-ஆம் ஆண்டு, பன்னிரண்டாம் மாதம். மஞ்சள் ஆற்றங்கரையில் உள்ள சான்ஜோ நகரில் படைவீரர்கள் தங்கள் தளபதி குவோ வெய்யைச் சூழ்ந்துகொண்டார்கள். கையில் கிடைத்த மஞ்சள் கொடி ஒன்றைக் கிழித்து அவர் மேல் போர்த்தி, "பத்தாயிரம் ஆண்டு வாழ்க" என்று முழங்கினார்கள். மஞ்சள், பேரரசருக்கு மட்டுமே உரிய நிறம். அடுத்த மாதமே, 951-இல், அவர் தலைநகர் கைஃபெங்கில் அரியணை ஏறினார். பின்ஜோ வம்சம் பிறந்தது.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 960 பிப்ரவரியில், கைஃபெங்குக்கு வடகிழக்கே சென்சியாவ் என்ற அஞ்சல் நிலையத்தில் இதே காட்சி திரும்ப நடந்தது. தளபதி ஜாவ் குவாங்யின். விடியற்காலை, வாசலில் வாளேந்திய அதிகாரிகள், அதே முழக்கம். ஒரே ஒரு வேறுபாடு: இந்தத் தடவை கொடியைக் கிழிக்க வேண்டியிருக்கவில்லை. மஞ்சள் அங்கி ஒன்று தயாராகவே இருந்தது.

அந்த அங்கியை முன்கூட்டியே தைத்து வைத்தது யார் என்ற கேள்வி ஆயிரம் ஆண்டுகளாகக் கேட்கப்படுகிறது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. 960-இல் நடந்தது 950-இல் நடந்ததன் திருத்திய பதிப்பு. முதல் தடவை எங்கெங்கே தவறு நேர்ந்ததோ, அங்கெல்லாம் இரண்டாம் தடவை சரிசெய்யப்பட்டிருக்கிறது. ஜாவ் குவாங்யின் குவோ வெய்யின் படையில் சேர்ந்து வளர்ந்தவர் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், அவர் தொடங்கிய சொங் வம்சம் ஏன் முந்நூறு ஆண்டு நின்றது என்பதற்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

907-இல் தாங் வம்சம் முடிந்ததிலிருந்து 960 வரை 53 ஆண்டுகள். அதற்குள் வட சீனாவில் ஐந்து வம்சங்கள் வந்து போயின. இந்தக் குழப்பத்துக்கு வேர் தாங் காலத்து எல்லைத் தளபதிகளிடம் இருக்கிறது. 755-இல் ஆன் லுஷான் கலகம் வெடித்த பிறகு, அதை அடக்குவதற்காகப் படையும் வரியும் நிர்வாகமும் ஒரே ஆளின் கையில் கொடுக்கப்பட்டன. கலகம் 763-இல் முடிந்தும், கொடுத்ததை அரசால் திரும்ப வாங்க முடியவில்லை. இது எல்லோருக்கும் தெரிந்த கதை. குறைவாகப் பேசப்படுவது அடுத்த படி: தளபதி பேரரசரை மிரட்டியது போலவே, தளபதியின் மெய்க்காவலர்கள் தளபதியை மிரட்டினார்கள். வெய்போ மாகாணத்தில் இந்தக் காவலர்கள் அப்பன் பிள்ளை என்று பரம்பரையாக வேலையைப் பிடித்துக்கொண்டு, பிடிக்காத தளபதியைக் கொன்று வேறொருவரை உட்காரவைத்தார்கள். அவர்களை ஒழிக்க 906-இல் அந்த மாகாணத் தளபதியே வெளியிலிருந்து உதவி வரவழைத்து, 8,000 குடும்பங்களை ஒரே வீச்சில் கொன்றதாக ஏடுகள் சொல்கின்றன. ஆக, அந்தக் காலத்து ஆட்சிக் கவிழ்ப்பைத் தளபதியின் பேராசை என்று மட்டும் படிக்கக் கூடாது. கீழே இருப்பவர்களுக்கு அது வருமானம். புதுப் பேரரசர் என்றால் புதுப் பரிசு.

934-இல் நடந்ததைப் பாருங்கள். பின்தாங் வம்சத்தின் வளர்ப்பு இளவரசர் லி சோங்கே, ஃபெங்சியாங்கில் முற்றுகைக்குள் மாட்டிக்கொண்டார். அவரைப் பிடிக்க வந்த படையே கட்சி மாறியது. அப்போதைய தலைநகரான லூயாங்குக்குள் நுழைந்ததும் ஆளுக்கு 100 சரம் காசு தருவதாக அவர் சொல்லியிருந்தார். ஒரு சரம் என்பது பெயரளவில் 1,000 செப்புக் காசு. நுழைந்தார், அரியணை ஏறினார், கருவூலத்தைத் திறந்தார். படைக்குக் கொடுக்கத் தேவைப்பட்டது 5,00,000 சரம். உள்ளே இருந்த பொன்னும் பட்டும் எண்ணிப் பார்த்தால் 30,000-ஐத் தாண்டவில்லை. நகரத்து மக்களைக் கசக்கினார்கள். சொந்த வீடோ வாடகை வீடோ, ஐந்து மாத வாடகைத் தொகையை முன்கூட்டியே கட்டு என்றார்கள். எல்லாம் செய்தும் கிடைத்தது 60,000. கடைசியில் அரசமாதாவின் பாத்திரங்கள், கொண்டை ஊசிகள், காதணிகள் வரை கழற்றிச் சேர்த்தும் மொத்தம் 2,00,000தான் தேறியது. ஃபெங்சியாங்கிலிருந்து வந்த சாதாரண வீரனுக்கு 20 சரம், தலைநகரில் இருந்தவனுக்கு 10 சரம் என்று முடித்தார்கள்.

வீரர்கள் சும்மா இருக்கவில்லை. "போதிசத்துவரை இறக்கிவிட்டு வெறும் இரும்பை ஏற்றிவிட்டோமே" என்று பாட்டுக் கட்டினார்கள்; போதிசத்துவர் என்றது இளகிய மனம் கொண்ட பழைய பேரரசரை, இரும்பு என்றது லி சோங்கேவை. மூன்றாண்டுக்குள் இன்னொரு தளபதி, வடக்கு எல்லைக்கு அப்பாலிருந்த கித்தான் மக்களின் துணையோடு வந்தபோது, லி சோங்கேவுக்காக உயிரைக் கொடுக்க ஆளில்லை. அவர் கோபுரத்தில் ஏறித் தீ வைத்துக்கொண்டு மாண்டார். வந்தவர் ஷி சிங்தாங். கித்தான் உதவிக்கு விலையாக அவர் எழுதிக்கொடுத்தது பதினாறு வட்டங்கள், அதாவது மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகள், இன்றைய பெய்ஜிங் உட்பட. வடக்கு மலைக் காப்பு மொத்தமும் கைவிட்டுப் போனது. இதற்குக் கடைசியில் திரும்ப வருவேன்.

இனி 950. பின்ஹான் வம்சத்து இளம் பேரரசர், தன்னை ஆட்டிவைத்த மூத்த அமைச்சர்களை அரண்மனையிலேயே வெட்டிக் கொன்றுவிட்டு, வடக்கில் படையோடு இருந்த குவோ வெய்யையும் கொல்ல ஆணை அனுப்பினார். ஆணை குவோ வெய்க்குத் தெரிந்துபோயிற்று. அவர் படையோடு கைஃபெங் மேல் வந்தார். ஆனால் அவர் குடும்பம் கைஃபெங்கில் இருந்தது. அவர் வந்து சேரும் முன்பே பிள்ளைகள் உட்பட எல்லோரையும் கொன்றுவிட்டார்கள். இது முதல் இழப்பு.

இரண்டாவது, வீரர்களை உற்சாகப்படுத்த அவர் பக்கம் கொடுத்த வாக்கு: தலைநகரைப் பிடித்தால் பத்து நாள் கொள்ளை அடிக்கலாம். பிடித்தார்கள், கொள்ளை தொடங்கியது. இப்படியே விட்டால் நகரமே மிஞ்சாது என்று ஆனபின் பாதியில் நிறுத்த வேண்டி வந்தது.

மூன்றாவது தவறுதான் நெடுங்காலம் வலித்தது. பேரரசர் குழப்பத்தில் கொல்லப்பட்டதும், பழைய அரச குடும்பத்து லியு யுன் என்பவரை அடுத்த பேரரசராக அறிவித்து அழைத்துவர ஆள் அனுப்பினார்கள். அவர் வழியில் இருக்கும்போதே, வடக்கில் கித்தான் படையெடுப்பு என்ற செய்தி வர, குவோ வெய் புறப்பட்டார். சான்ஜோவில் கொடித்துணி அவர் தோளில் ஏறியது. லியு யுன் கொல்லப்பட்டார். அவருடைய தந்தை தைய்யுவான் பகுதியில் படையோடு இருந்தவர். மகனைக் கொன்ற அரசுக்கு அவர் எப்படி அடங்குவார்? 951-இல் வடஹான் என்று தனி அரசை அறிவித்தார். கித்தான்களின் துணையில் அது 979 வரை தாக்குப்பிடித்தது. ஒரே ஒரு கொலை, 28 ஆண்டு எதிரி.

குவோ வெய்யின் வாரிசு, அவர் மனைவியின் சகோதரர் மகனான சாய் ரோங். ஐந்து வம்சங்களில் நான் மிகவும் மதிக்கும் ஆட்சியாளர் இவர்தான். 954-இல் அரியணை ஏறிய சில வாரங்களிலேயே வடஹான் படை வந்தது. கவ்பிங் என்ற இடத்தில் போர். தொடங்கியதும் வலது அணித் தளபதிகள் இருவர் குதிரைப்படையோடு ஓடினார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட காலாட்கள் கவசத்தைக் கழற்றிவிட்டு எதிரிக்கு வாழ்க சொன்னார்கள். கோழைத்தனம் என்று இதைத் தள்ளிவிடாதீர்கள். 934-இல் ஃபெங்சியாங்கில் நடந்த அதே கணக்குத்தான்: எஜமானை மாற்று, பரிசு வாங்கு. சாய் ரோங் தானே முன்னால் குதிரையை விட்டார். ஜாவ் குவாங்யினும் ஜாங் யோங்தேவும் ஆளுக்கு 2,000 பேரோடு பாய்ந்தார்கள். போரில் வென்றார்கள். வென்றபின் ஓடிய இரு தளபதிகளையும் சேர்த்து எழுபதுக்கு மேற்பட்ட அதிகாரிகளின் தலையை வாங்கினார் சாய் ரோங். நூறு உழவர் உழைத்தாலும் ஒரு கவச வீரனுக்குச் சோறு போட முடியவில்லை, உதவாதவனை ஏன் வளர்க்க வேண்டும் என்று கேட்டு, படையைச் சலித்தெடுத்தார். நாடு முழுவதிலிருந்தும் திறமையானவர்களைப் பொறுக்கி அரண்மனைப் படை என்ற அமைப்பை வலுப்படுத்தினார். பொறுக்கும் வேலையை ஜாவ் குவாங்யினிடம் ஒப்படைத்தார்.

வேர் இங்கேதான் இடம் மாறியது. அதுவரை மாகாணத் தளபதிகள் வலுவானவர்கள், தலைநகர் பலவீனம். இப்போது தலைநகரின் அரண்மனைப் படையே நாட்டில் வலிமையானது. மாகாணத்திலிருந்து படையெடுத்து வந்து அரியணையைப் பிடிக்கும் வழி அடைபட்டது. ஆனால் அரண்மனைப் படையின் தலைவருக்கு வழி திறந்தது. சாய் ரோங்குக்கு இது புரிந்திருந்தது. 959-இல் கித்தான்கள் மேல் படையெடுத்து, 42 நாட்களில் எல்லை வட்டங்கள் சிலவற்றை மீட்டார். அங்கே நோய் கண்டது. அந்தப் பயணத்தில் மூன்றடி நீளப் பலகை ஒன்று அவர் கைக்கு வந்ததாம். அதில் எழுதியிருந்தது: "மேற்பார்வைத் தளபதி பேரரசர் ஆவார்". அரண்மனைப் படைத் தலைமைப் பதவியின் பெயர் அது. பதவியில் இருந்தவர் ஜாங் யோங்தே, குவோ வெய்யின் மகளை மணந்தவர். அவரை எடுத்துவிட்டு, அரச குடும்ப உறவு எதுவும் இல்லாத ஜாவ் குவாங்யினை வைத்தார். அதே கோடையில், நாற்பது வயதைத் தொடாமலே, இறந்தார். மகனுக்குச் சீனக் கணக்கில் ஏழு வயது.

ஆளை மாற்றினார், பதவியை மாற்றவில்லை. அதற்கு அவருக்கு நாள் இல்லை.

தலைநகரில் அப்போது இரண்டு படை அமைப்புகள். அரண்மனைப் படைக்குத் தலைவர் ஜாவ் குவாங்யின். அதன் மேல்மட்டத்தில் ஷி ஷோஷின், வாங் ஷென்சி இருவரும் அவருக்கு நெருங்கியவர்கள். இன்னொன்று காவல் படை. அதன் தலைவர் லி சோங்ஜின் தொலைவில் யாங்ஜோவில் இருந்தார். துணைத் தலைவர் ஹான் டுங் மட்டும் நகரில். ஆக, குறுக்கே நிற்கக்கூடியவர் ஒரே ஒருவர்.

புத்தாண்டு நாளன்று எல்லையிலிருந்து ஓலை: கித்தான்களும் வடஹானும் சேர்ந்து வருகிறார்கள். முதலமைச்சர்கள் ஃபான் ஜியும் வாங் பு-வும் விசாரிக்காமல் படையை அனுப்பச் சொன்னார்கள். கித்தான்களின் லியாவ் அரசு ஏட்டில் அந்த மாதம் அப்படியொரு படையெடுப்புக்குக் குறிப்பே இல்லை. 2-ஆம் நாள் முன்னணிப்படை கிளம்பியது. 3-ஆம் நாள் ஜாவ் குவாங்யின் கிளம்பினார். படை புறப்படும் நாளில் தளபதியைப் பேரரசராக்கப் போகிறார்கள் என்று கைஃபெங் கடைவீதி முழுக்கப் பேச்சு. வசதியுள்ளவர்கள் ஊரைவிட்டே ஓடினார்கள். அவர்களுக்கு 950 நினைவிருந்தது. அரண்மனைக்கு மட்டும் தெரியவில்லை.

அன்று மாலை நகரிலிருந்து 40 லி, சுமார் 20 கிலோமீட்டர் தாண்டி சென்சியாவில் தங்கினார்கள். வானநூல் அறிந்த ஒருவர் சூரியனுக்குக் கீழே இன்னொரு சூரியன் தெரிகிறது என்றார். இரவோடிரவாகத் தம்பி ஜாவ் குவாங்யியும் ஆலோசகர் ஜாவ் பூ-வும் அதிகாரிகளோடு பேசி முடித்தார்கள். ஒரு குதிரைக்காரன் நகருக்குப் பறந்தான், உள்ளே இருந்த ஷி ஷோஷினுக்கும் வாங் ஷென்சிக்கும் செய்தியோடு. தளபதி குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார் என்கின்றன ஏடுகள். விடிந்ததும் அங்கி.

இந்த இடத்தில் அவர் குதிரையை நிறுத்திக் கேட்டது: நான் சொல்வதைக் கேட்பீர்களா? கேட்போம் என்றார்கள். அப்படியானால் அரசமாதாவையும் சிறுவனையும் தொடக்கூடாது. அமைச்சர்களை அவமதிக்கக் கூடாது. கருவூலத்திலும் குடிகள் வீட்டிலும் கைவைக்கக் கூடாது. கேட்பவர்களுக்குப் பெரும் பரிசு, மீறினால் குடும்பத்தோடு தலை போகும். 950-இன் மூன்று தவறுகளையும் எடுத்து இந்த வாக்குறுதியின் பக்கத்தில் வையுங்கள். கொள்ளைக்குத் தடை. பழைய அரச குடும்பத்துக்கு உயிர். குடும்பம் மாட்டிக்கொள்ளாமலிருக்க, நகருக்குள் ஏற்கெனவே தன் ஆட்கள். குவோ வெய் வீரர்களிடம் வாக்குக் கொடுத்தார். இவர் வீரர்களிடமிருந்து வாக்கு வாங்கினார். அரியணைக்கும் படைக்கும் இடையே ஐம்பது ஆண்டாக இருந்த பேரம் அந்தக் காலை திசை மாறியது.

எல்லாம் சுத்தமாக நடக்கவில்லை. ஹான் டுங் அரண்மனையிலிருந்து விரைந்து, எதிர்க்க ஆள் திரட்டப் போனார். ஓர் அதிகாரி அவரை வீடு வரை துரத்திப்போய் மனைவி மக்களோடு வெட்டினான். சொன்ன சொல்லை மீறிய கொலை. ஜாவ் குவாங்யின் அவனைத் தண்டிக்கவில்லை, பெரும்பதவியும் கொடுக்கவில்லை. ஹான் டுங்குக்கு மரியாதையோடு அடக்கம் செய்தார். அவரை உயிரோடு வைத்திருக்க உண்மையிலேயே நினைத்திருந்தால் முன்பே ஆள் அனுப்பியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

முதலமைச்சர் ஃபான் ஜி செய்தி கேட்டதும் வாங் பு-வின் கையைப் பிடித்து, "அவசரப்பட்டுப் படையை அனுப்பினோமே, நம் குற்றம்" என்றார். நகம் பதிந்து இரத்தம் கசியும் அளவுக்கு அந்தப் பிடி. ஜாவ் குவாங்யின் முன் இருவரும் நிறுத்தப்பட்டபோது ஓர் அதிகாரி வாளில் கைவைத்து, "எங்களுக்குத் தலைவன் இல்லை, இன்றைக்கு ஒரு பேரரசர் வேண்டும்" என்றான். வாங் பு முதலில் படியிறங்கி வணங்கினார். ஃபான் ஜி பின்தொடர்ந்தார். மாலை, அரியணை ஏறும் சடங்கு. சிறுவன் அரியணையைத் துறக்கும் ஆணை எழுதித் தர வேண்டும், அதை யாரும் எழுதவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அறிஞர் தாவ் கு தன் சட்டைக் கையிலிருந்து ஓர் ஏட்டை எடுத்து நீட்டினார், "இதோ, எழுதியாயிற்று". மறுநாள் புது அரசுக்குச் சொங் என்று பெயர். ஜாவ் குவாங்யின் தளபதியாக இருந்த சொங்ஜோவின் பெயர் அது. பழைய முதலமைச்சர்கள் 964 வரை பதவியில் நீடித்தார்கள். சிறுவன் 973 வரை வாழ்ந்தான். கைஃபெங்கில் கடைகள் திறந்தே இருந்தன. 1015-இல் இராசராச சோழன் அனுப்பிய தூதர்கள் முத்துகளோடு வந்து நின்றது இந்த நகரத்து அரசவையில்தான்.

இத்தனைக்கும் பின்னால், வந்த வழியை அடைக்கும் வேலை மிச்சம் இருந்தது. 960-லேயே லி யுன், லி சோங்ஜின் என்ற இரு தளபதிகள் கிளம்பினார்கள். இருவரையும் நேரில் போய் அடக்கினார். மாகாணக் கலகம் இனிப் பலிக்காது என்பது அந்த இரண்டு போரில் நிரூபணம் ஆயிற்று. பலிக்கக்கூடியது அரண்மனைப் படைதான். 961-இல் ஷி ஷோஷின் முதலியவர்களை விருந்துக்கு அழைத்து, "நீங்கள் மாறமாட்டீர்கள். உங்கள் ஆட்கள் உங்களுக்கு மஞ்சள் அங்கி போர்த்தினால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். நிலமும் வீடும் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருங்கள், நம் பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசலாம் என்றார். மறுநாள் எல்லோரும் உடம்பு சரியில்லை என்று விலகினார்கள். விருந்து நடந்த மாதத்தைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு: அதற்கு முந்தைய மாதம்தான் அவர் தாய் இறந்தார், துக்க காலத்தில் மது விருந்து நம்பும்படி இல்லை. ஆனால் பதவி விலகல்கள் உண்மை, திருமணங்களும் உண்மை. ஷி ஷோஷின் வீட்டிலும் வாங் ஷென்சி வீட்டிலும் அவருடைய மகள்கள் மருமகள்களானார்கள்.

விருந்தைவிட முக்கியமானது அதன்பிறகு செய்த கட்டமைப்பு. மேற்பார்வைத் தளபதிப் பதவியை நிரப்பாமலே விட்டார். சாய் ரோங்குக்கு நேரம் கிடைக்காமல் போன வேலை அது. தலைநகர்ப் படை காலப்போக்கில் மூன்று அலுவலகங்களாகப் பிரிந்தது. பயிற்சியும் ஆளும் அவற்றிடம், படையைப் புறப்படச்சொல்லும் அதிகாரம் படைத்துறை மன்றத்திடம்; ஒருவரிடம் ஆள் இருந்தால் ஆணை இல்லை, ஆணை இருந்தால் ஆள் இல்லை. மாகாண வரியில் செலவு போக மிச்சம் முழுக்கத் தலைநகருக்கு வர வேண்டும். வட்டங்களுக்குப் படிப்பாளி அதிகாரிகள் போனார்கள், கூடவே அவர்களைக் கவனிக்க ஒரு துணை அதிகாரி. மாகாணத்தின் நல்ல வீரர்களைத் தலைநகருக்கு எடுக்க, முதலில் மாதிரி வீரர்களை ஊர்ஊராக அனுப்பினார்கள். பிறகு உயரம் குறித்த மரக்கழியை அனுப்பினார்கள். அந்தக் கழியோடு நிறுத்திப் பார்த்துத் தேறியவன் கைஃபெங்குக்கு, தேறாதவன் மாகாணத்தில். தாங் காலத்திலிருந்து எந்தப் பேரரசரும் வாளால் முடிக்காததை ஒரு மரக்கழி முடித்தது.

அடைபடாமல் போன வாசல் வீட்டுக்குள் இருந்தது. 976-இல் ஐம்பதைத் தொடும் முன்பே ஓர் இரவில் அவர் இறந்தார். அரசி இளைய மகனை அழைத்துவரச் சொல்ல, அனுப்பப்பட்ட, ஆண்மை நீக்கப்பட்ட அரண்மனை அதிகாரி நேராகத் தம்பி ஜாவ் குவாங்யியிடம் போனார். தம்பி அரியணை ஏறினார். மூத்த மகன் 979-இல் தற்கொலை, இளைய மகன் 981-இல் மரணம். அண்ணனுக்குப் பின் தம்பி என்று தாய் சொல்லி எழுதிவைத்த ஏடு ஒன்று பொற்பேழையில் இருந்ததாக, பல ஆண்டு கழித்துத்தான் ஜாவ் பூ வெளியே சொன்னார். அரியணை மூத்தவர் வழிக்குத் திரும்பியது 1162-இல்.

படையை இப்படிக் கட்டிப்போட்டதற்கு எல்லையில் விலை கொடுக்க வேண்டியிருந்தது. அவருக்கே அது தெரியும். பதினாறு வட்டங்களை மீட்பதற்கென்று தனிக் கருவூலம் ஒன்று சேர்த்துவந்தார். கணக்கும் போட்டு வைத்திருந்தார்: பணத்துக்கு மீட்க முடிந்தால் சரி, இல்லாவிட்டால் ஒரு கித்தான் தலைக்கு 20 துணி (ஒரு துணி என்பது ஒரு சுருள்) பட்டு, அவர்களிடம் தேர்ந்த படை ஒரு லட்சத்துக்கு மேல் இல்லை, 20 லட்சம் துணியில் முடிந்துவிடும். அவர் காலத்தில் அது செலவாகவில்லை. தம்பி 979-இல் போர் தொடுத்துத் தோற்றார். 1004 குளிர்காலத்தில் கித்தான் படை சான்ஜோ வரை வந்தது. கொடித்துணி கிழிந்த அதே சான்ஜோ. தம்பியின் மகன் அங்கே போய் உடன்படிக்கை செய்துகொண்டார்: ஆண்டுக்கு 1,00,000 லியாங் எடை வெள்ளி, 2,00,000 துணி பட்டு. பெரியப்பா போட்ட 20 லட்சத்தைப் பட்டு மட்டும் பத்தே ஆண்டில் தொட்டது. பதினாறு வட்டங்களில் பெரும்பகுதி கித்தான்களிடமே இருந்தது.